தினமும் ஆடுகிறோம், ஆட்டம் ஏன் ஏறவில்லை?

எந்த ஊர் ஷட்டில் கோர்ட்டுக்குப் போனாலும் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஆறே மாதத்தில் மளமளவென்று ஆட்டம் ஏறியவர்கள் ஒரு வகை. வருடக்கணக்காக அதே இடத்தில் நிற்பவர்கள் இன்னொரு வகை. கொஞ்சம் விசாரித்தால் தெரியும், பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

ஷூ மாற்றியாயிற்று. விலை கூடிய பேட் வாங்கியாயிற்று. பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களை இரவெல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் பின்கோட்டிலிருந்து தூக்கி அடிக்கிற டாஸ் பாதி கோர்ட்டில் விழுகிறது, எதிராளி அதை ஸ்மாஷ் அடித்து முடிக்கிறார். பேக்ஹேண்ட் பக்கம் வந்தால் கை தடுமாறுகிறது. பார்ட்னர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் முகம் சொல்லிவிடுகிறது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி எடுத்து வருகிறவருக்கு இது உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

வயதாகிவிட்டது, சின்ன வயதில் கோச்சிங் போகவில்லை, உடம்பு வாகு அப்படி என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எது நம் ஆட்டத்தை ஏற்றுகிறது என்பதை நாமே தவறாகக் கணிக்கிறோம். கை நன்றாக வருகிறது என்று தோன்றும் பயிற்சி பல நேரம் வீண்; எதுவும் சரியாக வரவில்லை என்று எரிச்சலூட்டும் பயிற்சி பல நேரம் வேலை செய்கிறது. இதைச் சோதித்த ஆய்வுகளில் ஒன்று பேட்மிண்டன் சர்வீஸை வைத்தே நடந்தது. அதற்குப் போவதற்கு முன் ஷட்டிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நம் பயத்துக்கும் ஏமாற்றத்துக்கும் பாதிக் காரணம் அதில்தான் இருக்கிறது.

ஐந்து கிராம் இறகு

சர்வதேச விதிப்படி ஒரு ஷட்டிலின் எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரை. 16 இறகுகள், அடியில் ஒரு தக்கை. இவ்வளவு லேசாகவும் இவ்வளவு விரிந்தும் இருக்கிற ஒன்றைக் காற்று எளிதில் போகவிடாது. உயரத்திலிருந்து ஷட்டிலைக் கீழே விட்டால், அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 6.7 மீட்டரைத் தொட்டதும் அதற்குமேல் கூடுவதில்லை. காற்றின் தடையும் பூமியின் இழுப்பும் அங்கே சமமாகிவிடுகின்றன.

இந்த ஒரு எண்ணை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், வேகமாகப் போகும் ஷட்டில் ஒவ்வொரு 3.2 மீட்டருக்கும் தன் வேகத்தில் பாதியை இழக்கிறது. நம் கோர்ட்டில் பலமாக அடிப்பவர் ஒருவரின் ஸ்மாஷ் மணிக்கு 200 கிலோமீட்டரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 3.2 மீட்டரில் அது 100 ஆகிவிடும். 6.4 மீட்டரில் 50. 9.6 மீட்டரில் 25. சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த ஸ்மாஷ் கின்னஸ் சாதனையானது. அதுவும் பேட்டை விட்டுக் கிளம்பிய கணத்தின் வேகம்தான்.

இதை நேரமாக மாற்றிப் பார்த்தால் நமக்கு வேண்டியது கிடைக்கும். அந்த 200 கிலோமீட்டர் ஸ்மாஷ் முதல் 3.2 மீட்டரைக் கடக்க 0.08 நொடி எடுக்கிறது. அடுத்த 3.2 மீட்டருக்கு 0.17 நொடி. அதற்கடுத்த 3.2 மீட்டருக்கு 0.33 நொடி. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை அசைந்து பதில் சொல்லவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 நொடி வேண்டும். எனவே ஸ்மாஷ் அடிப்பவரிடமிருந்து ஆறு மீட்டரில் நிற்பவர் தப்புவது அதிர்ஷ்டம். ஒன்பது மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பவருக்கு அரை நொடிக்கு மேல் கிடைக்கிறது, ஷட்டிலும் தளர்ந்துபோய் வருகிறது. டபுள்ஸில் ஷட்டிலை உயரத் தூக்கிவிட்டு, அது எங்கே போகிறதென்று முன்னாலேயே நின்று பார்ப்பது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். தூக்கிய உடனே இரண்டு எட்டு பின்னால் போய், முழங்காலை லேசாக மடக்கி, பேட்டை இடுப்புக்கு முன் வைத்து நின்றால், நேற்றுவரை எடுக்க முடியாத ஸ்மாஷில் பாதியை எடுக்கலாம். இதற்குத் திறமை தேவையில்லை.

டாஸ் பாதியில் விழுவதற்கும் இதே கணக்குதான் விடை. 2015-இல் பிரான்ஸில் கரோலின் கோஹென், கிறிஸ்டோஃப் கிளானே முதலிய இயற்பியலாளர்கள் பேட்மிண்டனின் இயற்பியல் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். இவ்வளவு பலமான தடை உள்ள இடத்தில், அடிக்கும் வேகத்தைக் கூட்டக் கூட்டத் தூரம் மிகக் கொஞ்சமாகவே கூடும் என்பது அந்தக் கணக்கின் சாரம். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு, மூன்று மீட்டர்தான். தோள் வலிக்க வலிக்க அடித்தும் டாஸ் பின்கோட்டுக்குப் போகாததன் காரணம் பலக் குறைவு அல்ல; கால் தாமதமாக வந்ததால் ஷட்டில் தலைக்குப் பின்னால் போனபிறகு அடிக்கிறோம். கோணமும் கெடுகிறது, நரம்பின் நடுவில் படுவதும் இல்லை. தலைக்குச் சற்று முன்னால், கை எட்டும் உச்சியில் தொட்டால், பாதி முயற்சியிலேயே ஷட்டில் பின்னால் போய் விழும்.

ஊருக்கு ஊர் ஆட்டம் மாறுவதும் காற்றால்தான். காற்று சூடானால் அடர்த்தி குறையும், ஷட்டில் தூரம் போகும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் கோட்டுக்குள் விழும் டாஸ் அங்கே வெளியே போகும். டப்பாவின் மேல் 75, 76, 77 என்று போட்டிருக்கும் எண்கள் இதற்காகத்தான். எண் குறைந்தால் ஷட்டில் மெதுவாகப் போகும். பின்கோட்டில் நின்று கீழிருந்து முழுவீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும் என்பது விதிப்புத்தகத்தில் உள்ள சோதனை. செலவைக் குறைக்க வார நாளில் நைலான், ஞாயிற்றுக்கிழமை ஃபெதர் என்று மாற்றி மாற்றி ஆடுபவர்களுக்கும் ஒரு சொல். வேகமாக அடிக்கும்போது நைலான் பாவாடை ஒடுங்கித் தடையைக் குறைத்துக்கொள்கிறது, இறகு அவ்வளவு ஒடுங்குவதில்லை. ஞாயிறு காலை முதல் பத்து நிமிடம் எல்லாம் தப்பித் தப்பிப் போனால் நொந்துகொள்ள வேண்டாம். ஷட்டில்தான் வேறு.

"ரிஸ்ட் போடு தம்பி!"

எல்லாக் கோர்ட்டிலும் கேட்கும் அறிவுரை இது. அன்போடு சொல்லப்படுவதுதான், ஆனால் உடலியல் வேறு சொல்கிறது. கனடாவில் பார்பரா கோவிட்ஸ்கியும் டேவிட் வாடெலும் தேர்ந்த ஆட்டக்காரர்களை அதிவேகக் கேமராவில் படமெடுத்து ஆராய்ந்தார்கள். மணிக்கட்டை முன்னால் மடக்குவதால் வேகம் வருகிறது என்ற நம்பிக்கைக்குப் படங்களில் ஆதாரம் கிடைக்கவில்லை. வேகத்தின் பெரும்பங்கு மேற்கை தோளில் உள்நோக்கித் திரும்புவதிலிருந்தும், முன்கை சுழல்வதிலிருந்தும் வருகிறது.

முன்கைச் சுழற்சியை இப்போதே செய்து பார்க்கலாம். முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். இனி கீழே பார்க்கும்படி திருப்புங்கள். முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் உருண்டதால்தான் கை திரும்பியது. ஸ்மாஷிலும் டாஸிலும் ஷட்டிலைத் தொடும் கணத்தில் நடக்க வேண்டியது இந்தத் திருப்பம்.

பேட்டைத் தோசைத்திருப்பிபோலப் பிடித்தால் இது நடக்க வழியே இல்லை. அந்தப் பிடியில் பேட்டின் முகம் ஏற்கெனவே நெட்டைப் பார்த்தபடி இருக்கிறது. முன்கையைத் திருப்பினால் முகம் பக்கவாட்டில் போய்விடும். அதனால் உடம்பு தானாகவே திருப்பத்தை விட்டுவிட்டு மணிக்கட்டை உதறக் கற்றுக்கொள்கிறது. தானாகக் கற்றுக்கொண்டவர்களின் ஆட்டம் ஓரிடத்தில் நின்றுபோவதற்கு இந்த ஒரு பிடி பெரிய காரணம் என்பது என் கருத்து. பேட்டை வாள்போல் நிமிர்த்தி, ஒருவரோடு கைகுலுக்குகிற மாதிரி பிடியுங்கள். விரல்கள் தளர்ந்திருக்கட்டும், ஷட்டில் படும் கணத்தில் மட்டும் இறுகட்டும். முதல் சில வாரம் ஆட்டம் மோசமாகும், நன்றாக வந்த அடியும் தப்பும். பொறுத்துக்கொள்ள வேண்டிய வாரங்கள் அவை.

நரம்பு இழுவிசையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 28 பவுண்டு போட்டால் அடி பலமாகும் என்று கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. நடப்பது எதிர்மாறு. இழுவிசை கூடினால் கட்டுப்பாடு கூடலாம், ஆனால் நரம்பு ஷட்டிலைத் திருப்பித் தள்ளுவது குறையும், நன்றாகப் படும் நடுப்பகுதியும் சுருங்கும். வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகிறவருக்கு 22 முதல் 24 பவுண்டு போதும்.

நன்றாக வருகிறது என்ற மயக்கம்

இனி அந்த ஆய்வு. 1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கூட், மேகில் இருவரும் பேட்மிண்டன் ஆடிப் பழகாத மாணவிகளுக்கு மூன்று வகை சர்வீஸ் கற்றுக்கொடுத்தார்கள். குறுகிய சர்வீஸ், உயர்ந்து நீளும் சர்வீஸ், தட்டையாகப் பாயும் சர்வீஸ். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வாரம் பயிற்சி. ஒரு குழு ஒரு நாளுக்கு ஒரே வகையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டது. இன்னொரு குழு மூன்றையும் வரிசையில்லாமல் கலந்து போட்டது. சர்வீஸ்களின் எண்ணிக்கை இரு குழுவுக்கும் சமம்.

பயிற்சி முடிந்தபின் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் முந்தினார்கள். அடுத்து நடந்ததுதான் என்னை வியக்கவைத்தது. பயிற்சி முழுவதும் கோர்ட்டின் வலப்பக்கத்திலிருந்தே நடந்திருந்தது. இப்போது இடப்பக்கத்திலிருந்து போடச் சொன்னார்கள். கலந்து பழகியவர்கள் தடுமாறவில்லை. ஒரே வகையாகப் பழகியவர்களின் நிலை, மூன்று வாரத்துக்கு முன் முதன்முதலாகப் பேட்டைப் பிடித்தபோது இருந்த இடத்துக்கே போயிருந்தது.

காரணம் என்ன? ஒரே அடியைத் தொடர்ந்து அடிக்கும்போது மூளை முதல் சில தடவைதான் திட்டம் போடுகிறது. பிறகு சற்றுமுன் செய்ததையே கொஞ்சம் திருத்தித் திருத்தி ஓட்டிவிடுகிறது. அடி அழகாக வருகிறது, மனதுக்கும் இதமாக இருக்கிறது. ஆட்டத்திலோ ஒரே அடி அடுத்தடுத்து வருவதில்லை. ஒரு டிராப், ஒரு டாஸ், நெட்டருகே ஒரு தட்டு, மறுபடி பின்னால் ஓட்டம். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டம் போட வேண்டும். கலந்து பழகுகிறவர் பயிற்சியிலேயே இந்த வேலையைச் செய்கிறார், அதனால்தான் அங்கே தப்பும் அதிகம் நடக்கிறது.

2001-இல் சைமன், பியார்க் இருவரும் செய்த சோதனை இன்னும் ஒரு படி உள்ளே போனது. விசைகளைக் குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட நேரத்தில் அழுத்தும் பயிற்சி அது. "நாளைக்கு நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?" என்று பழகியவர்களிடமே கேட்டார்கள். ஒரே வகையாகப் பழகியவர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். மறுநாள் தேர்வில் பின்தங்கியது அவர்கள்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கலப்புப் பயிற்சியின் பலன் எல்லாச் சோதனையிலும் ஒரே அளவில் தெரிவதில்லை. பிடியே சரியாக வராத புதியவருக்கு ஓரளவு ஒரே அடியைத் திரும்ப அடிக்கும் பயிற்சி தேவைதான். அடியின் உருவம் கைக்கு வந்ததும் கலக்கத் தொடங்க வேண்டும். நம்மில் பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல வருடமாகிறது.

பழகும் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. 1978-இல் ஆலன் பேட்லியும் லாங்மேனும் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைவான மணி நேரத்தில் அதே திறமையை அடைந்தார்கள். ஆனால் தங்கள் பயிற்சி முறையில் மிகவும் திருப்தியில்லாமல் இருந்ததும் அவர்கள்தான். நாட்கள் நிறைய ஆவதால் மெதுவாகக் கற்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியது. கையால் செய்யும் திறமைகளில் சில, இரவுத் தூக்கத்துக்குப் பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமலே கூடுகின்றன என்பதும் சோதனைகளில் தெரிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடிச் சோர்வதைவிட, அதையே வாரத்தில் நான்கு நாளாகப் பிரிப்பது நல்லது.

கண் எங்கே, கவனம் எங்கே

நல்ல ஆட்டக்காரர் எப்போதும் ஷட்டில் வரும் இடத்தில் முன்பே நிற்கிறார். நாம் கடைசி நொடியில் ஓடுகிறோம். அவர் கால் வேகம் என்று நினைப்போம். 1987-இல் புரூஸ் அபெர்னெத்தியும் ரஸலும் பேட்மிண்டன் ஆட்டக்காரர்களுக்கு எதிராளி அடிக்கும் படத்தைக் காட்டி, பேட் ஷட்டிலைத் தொடுவதற்கு முன்பே படத்தை நிறுத்தினார்கள். ஷட்டில் எங்கே விழும் என்று சொல்ல வேண்டும். தேர்ந்தவர்கள் முன்பே சரியாகச் சொன்னார்கள். பேட்டை மறைத்தாலும் கையை மறைத்தாலும் அவர்களின் கணிப்பு கெட்டது; புதியவர்களுக்குப் பேட்டை மறைத்தால் மட்டும் கெட்டது. பேட்டைவிடக் கை முன்னதாக அசையத் தொடங்குவதால், கையைப் படிக்கத் தெரிந்தவருக்குச் செய்தி முன்பே வந்துவிடுகிறது. இரு தரப்பின் கண்ணசைவிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இருவரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள், ஒருவருக்குத்தான் படிக்கத் தெரிந்தது.

இந்தச் சோதனையை நாமும் செய்யலாம். வழக்கமாக எதிரே ஆடும் நண்பரைக் கோர்ட்டின் மறுமுனையிலிருந்து போனில் படமெடுங்கள். வீட்டில் உட்கார்ந்து, பேட் ஷட்டிலைத் தொடும் கணத்துக்குச் சற்று முன் நிறுத்தி, எங்கே விழும் என்று சொல்லிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். கோர்ட் கிடைக்காத மழை நாளுக்கும், கால் சுளுக்கி உட்கார்ந்திருக்கும் வாரத்துக்கும் ஏற்ற பயிற்சி இது.

ஆட்டத்தின் நடுவே அறிவுரை சொல்லும் பார்ட்னர்களுக்கும் அறிவியல் ஒன்று சொல்கிறது. உடல் உறுப்பின் அசைவை நினைத்துக்கொண்டு செய்வதைவிட, அந்த அசைவால் விளைய வேண்டியதை நினைத்துச் செய்யும்போது அசைவு சீராக வருகிறது என்று கபிரியேலே வுல்ஃப் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். 18-18 என்று நிற்கும்போது "முழங்கையை உயர்த்து, ரிஸ்டைத் திருப்பு" என்றால் அடி கெடும். "பின்கோட்டு மூலைக்குப் போடுங்க அண்ணா" என்றால் உதவும். கை கால் திருத்தமெல்லாம் ஆட்டம் முடிந்தபின் பேச வேண்டியவை.

இருக்கிற ஒரு மணி நேரத்தில்

நான்கு பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம். வெளியே அடுத்த குழு காத்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் "லவ் ஆல்" சொல்லத் தோன்றுவது இயல்பு. முதல் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள். இருவர் இருவராக, எதிரே நிற்பவர் எந்த அடி அடிப்பார் என்று சொல்லாமல் டிராப், டாஸ், தட்டை என்று கலந்து அடிக்கட்டும். எடுப்பவர் ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்பட்டும். தப்பு நிறைய வரும். வரட்டும்.

சர்வீஸுக்கு ஆளே வேண்டாம். கோர்ட் காலியாக இருக்கும் ஐந்து நிமிடமும் பத்துப் பழைய ஷட்டிலும் போதும். அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதியை நினைவில் வைத்து, ஒன்று குட்டையாக, ஒன்று நீளமாக, ஒன்று மூலைக்கு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே சர்வீஸை அடுத்தடுத்து இரண்டு முறை போடாதீர்கள்.

உடம்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்துபோன பேட்மிண்டன் ஆட்டக்காரர்களைப் பற்றி 1998-இல் சுவீடனில் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆட்டத்தின் நடுவிலோ முடிவிலோதான் அது நடந்திருந்தது. "கடைசியா ஒரு கேம்" என்று களைத்த காலோடு இறங்குவதைத் தவிருங்கள். இன்னொன்று கண். ஷட்டிலின் தக்கை 25 முதல் 28 மில்லிமீட்டர் விட்டம். கண்குழிக்குள் நேராகப் புகும் அளவு. டபுள்ஸில் நெட்டருகே நிற்பவர், பின்னால் பார்ட்னர் என்ன அடிக்கிறார் என்று திரும்பிப் பார்க்கவே கூடாது.

வசதிக் குறைவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரகாஷ் படுகோன் சிறுவயதில் ஆடிப் பழகியது பெங்களூரு மல்லேஸ்வரத்தில் கெனரா யூனியன் திருமண மண்டபத்தில். கல்யாணம் நடக்கும் நாட்களில் அங்கே ஆட முடியாது. 1980-இல் அவர் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றார். இன்று நம் ஊர்களில் மேட் போட்ட உள்ளரங்குகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை மணிக்கணக்கில் வாடகைக்குப் போவதால், அங்கே ஆட்டம் நடக்கிறது, பயிற்சி நடப்பதில்லை.

கோர்ட் நடத்துபவர்களும் மூத்த ஆட்டக்காரர்களும் மனம் வைத்தால் இதை மாற்றலாம். கூட்டம் இல்லாத மதிய வேளையில், வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைப் பாயிண்ட் எண்ணாத நேரமாகக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்குங்கள். பழைய ஷட்டில்களைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். புதிதாக வந்தவரை "வெயிட் பண்ணுங்க" என்று உட்காரவைக்காமல், அந்த நேரத்தில் அவரோடு ஒரு கால் மணி நேரம் அடித்துக்கொடுங்கள்.